ஊருணியை ஆழப்படுத்திய பிறகு நீர் உவர்ப்பது ஏன்?

ஜூன் 9 (வாசகர் கேள்வி)

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு வாழ முடியாது என்பதால், சென்ற கோடையில் ஊரே வரி போட்டு, இயந்திரம் வைத்து, ஊருணியை மேலும் ஐந்தடி ஆழப்படுத்தினோம். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கும் குறைவில்லை. ஆனால் தை மாதத்திலேயே நீர் உவர்க்கத் தொடங்கியது; மாசியில் ஆடுகூட வாய் வைக்கவில்லை. பழைய ஆழத்தில் இருந்தவரை சித்திரை முடிய நல்ல நீர் நின்ற ஊருணி இது. ஆழம் கூடினால் நீர் கூடும் என்பதுதானே கணக்கு? இன்னும் மூன்றடி தோண்டினால் நல்ல ஊற்றுக் கண் திறக்கும் என்று ஊரில் ஒரு சாரார் சொல்கிறார்கள். தோண்டலாமா?

ஜூன் 10

தோண்ட வேண்டாம். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்வதற்கு முன் எனக்குச் சில விவரங்கள் வேண்டும். முதல் சில அடிகளில் வந்த மண் என்ன நிறம், எவ்வளவு பிசுபிசுப்பு? எந்த ஆழத்தில் மண் மாறியது? தோண்டிய குழியில் அன்று மாலையே நீர் கசிந்து நின்றதா? எடுத்த மண்ணை எங்கே கொட்டினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் அலட்சியப்படுத்துவார்கள். நீங்கள் அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 11

பதில் வந்துவிட்டது, அதைச் சுருக்கித் தருகிறேன். மேலே நான்கடி வரை கறுத்த பசைக் களிமண். அதன் கீழே சிப்பித் துண்டுகள் கலந்த வெளிறிய மணல். மாலைக்குள் முழங்கால் அளவு நீர் ஊறியது, ஊரார் அதை 'ஊற்று' என்று கொண்டாடினார்கள். எடுத்த மணல் முழுவதும் ஊருணிக் கரையின் உட்சரிவிலேயே கொட்டப்பட்டது.

சிப்பி வந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அது ஒரு காலத்தில் கடல் நின்ற தரை. மண்டபம், இராமேசுவரம் பக்கம் பழைய பவளப் பாறை இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே தரையில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. உங்கள் முன்னோர் ஊருணியைக் களிமண் படுகை இருக்கும் இடம் பார்த்து வெட்டினார்கள். அந்தக் களிமண்தான் மேலே நிற்கும் மழைநீரையும் கீழே கிடக்கும் உப்புநீரையும் பிரித்து வைத்திருந்தது. நீங்கள் சட்டியின் அடியைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டை போட்டுவிட்டீர்கள்.

இனி நடந்ததைப் பாருங்கள். கார்த்திகையில் ஊருணியின் நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தது. அப்போது நல்ல நீர் மணல் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. செலவும் ஆவியும் கசிவும் சேர்ந்து மட்டத்தைக் குறைத்தன. தையில் ஊருணி மட்டம் வெளி மட்டத்துக்குக் கீழே போனதும் ஓட்டம் திசை மாறியது. உப்புநீர் உள்ளே வரத் தொடங்கியது. அதன் பிறகு வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் சென்றது. கரையில் கொட்டிய மணலும் ஒவ்வொரு மழைக்கும் தன் உப்பை உள்ளே கழுவிவிட்டது. ஆக, ஒரே வேலையில் உப்புக்கு இரண்டு வழி.

ஜூன் 14

ஒரு நண்பர் மறுத்திருக்கிறார்: "தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்தில் மணலைக் கையால் தோண்டினாலே குடிக்கும் நீர் வருகிறது. நீங்கள் தோண்டினால் உப்பு வரும் என்கிறீர்கள். எது உண்மை?"

இரண்டும் உண்மை. மணல் திட்டில் பெய்யும் மழை நேராக உள்ளே இறங்கி, அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025, நல்ல நீரின் அடர்த்தி 1. இந்தச் சிறு வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபெனும் 1901-இல் ஹெர்ட்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு. தனுஷ்கோடியில் சிரட்டையால் மொள்ளும் அளவுக்குத்தான் எடுக்கிறார்கள், அடுக்கு கலைவதில்லை. அங்கேயே ஒரு மோட்டாரை இறக்கி மேல்மட்டத்தைப் பத்து செ.மீ. குறையுங்கள், காலப்போக்கில் கீழே உப்பின் எல்லை நான்கு மீட்டர் மேலே ஏறும். 40 என்ற எண் இருபுறமும் வெட்டும்.

சாயல்குடிக்காரரின் ஊருணியில் நிலைமை வேறு. அங்கே மேலே களிமண் இருப்பதால் மழை கீழே இறங்கி மணலுக்குள் நல்ல நீர் அடுக்கை உண்டாக்க வழியே இல்லை. களிமண்ணுக்குக் கீழே அடைபட்டுக் கிடப்பது பழைய உப்பு. சற்றுத் தள்ளி மாரியூர், வாலிநோக்கம் பக்கம் அரசு உப்பு நிறுவனமே உப்பளம் நடத்துகிறது. நீர் இறங்காத தரை, குறைந்த மழை, நீண்ட வெயில் ஆகிய மூன்றும் உப்பளத்துக்கு வேண்டியவை. அதே தரைதான் ஊருணிக்கும் வாய்த்திருக்கிறது. மேலே மழைநீர் நின்றால் ஊருணி, கடல்நீர் நின்றால் பாத்தி.

ஜூன் 23

சாயல்குடி வாசகர் வேறொரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். ஊருணிக்கு மேற்கே உள்ள கண்மாயிலிருந்து ஒரு வரத்துக்கால் இருக்கிறதாம். ஊரின் நில அளவை வரைபடமான புலப்படத்திலும் தெளிவாக வரையப்பட்டிருக்கிறதாம். ஆனால் சில ஆண்டுகளாக அதில் நீர் வருவதே இல்லையாம். கேள்வியின் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது இது. வரத்து நின்றதால்தான் ஊருணி வற்றியது. வற்றியதால்தான் ஆழம் போதவில்லை என்று நினைத்தார்கள்.

புலப்படத்தை நம்பி வாய்க்காலைத் திறக்கப் புறப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புலப்படம் மிகச் சிறந்த ஆவணம். மூலைவிட்டக் கோடு, அதிலிருந்து செங்குத்து விலக்கம், முச்சந்திக் கல் என்று சங்கிலி பிடித்து அளந்த தலைமுறைகளின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆக்கிரமிப்பு வழக்கில் நிற்பதற்கு அதைவிட உறுதியான தாள் கிடையாது. ஆனால் அதில் நீளமும் அகலமும் மட்டுமே உண்டு, உயரம் கிடையாது. வாய்க்கால் எங்கே போகிறது என்று அது சொல்லும். அதில் நீர் போகுமா என்று சொல்லாது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை விரித்தாலும் உதவி குறைவு: சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருப்பதால், நம் கடற்கரை ஒன்றியங்களில் கிலோமீட்டர் கணக்கில் நடந்தாலும் ஒரு கோடுகூடக் குறுக்கிடாது. வேறு வழியே இல்லை. மட்டம் எடுக்க வேண்டும், அதாவது இடத்துக்கு இடம் தரையின் உயர வேறுபாட்டை அளக்க வேண்டும்.

ஜூன் 24

"மட்டம் எடுக்க ஆள் எதற்கு? கைபேசியே உயரம் காட்டுகிறதே! ஆனால் எங்கள் ஊர் கடலுக்கு 90 மீட்டர் கீழே இருப்பதாகக் காட்டுகிறது. வீட்டைக் காலி செய்யலாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

காலி செய்ய வேண்டாம். செயற்கைக்கோள் கணக்கிடும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம் ஆகாது. புவியின் வடிவுக்கு ஒப்பாக வரையப்பட்ட கணித நீள்கோளத்திலிருந்து அளந்தது. புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லாததால் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு மேலும் கீழுமாகப் போகிறது. உலகிலேயே மிக ஆழமான இறக்கம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 106 மீட்டர். இராமநாதபுரம் கடற்கரை அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருப்பதால், திருத்தம் செய்யாத செயலி 90 மீட்டரைச் சுற்றிக் குறை எண்ணாகக் காட்டும். திருத்தம் செய்த செயலியும் சில மீட்டர் பிழையோடுதான் சொல்லும். நமக்கு வேண்டியது செ.மீ. கணக்கு. கைபேசியைப் படம் எடுக்கப் பயன்படுத்துங்கள்.

ஜூலை 6

அந்த ஊருக்குப் போய் மட்டம் எடுத்தோம். ஊர் இளைஞர்கள் ஸ்டாஃப் (அளவு குறித்த நெடுங்கோல்) பிடித்தார்கள். அதை நோக்கி மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி என்னுடையது. கச்சான் காற்று ஸ்டாஃபை ஆட்டிய ஆட்டத்தில் காலை ஒன்பதரைக்கு மேல் வேலை ஓடவில்லை. அதற்குள் வெயில் ஏறிக் கானலும் தொடங்கிவிட்டது. இந்தக் கரையில் மட்டம் எடுப்பவர்கள் விடியும்போதே கருவியை நிறுத்திவிட வேண்டும்.

வாய்க்கால் கண்மாய் மடையிலிருந்து ஊருணி வாய் வரை ஏறத்தாழ 1,150 மீட்டர். மடையின் அடிமட்டத்துக்கும் ஊருணி வாயின் மட்டத்துக்கும் உள்ள மொத்த இறக்கம் 42 செ.மீ. அவ்வளவுதான். இதில்தான் இந்த மாவட்டத்தின் நீர்ப்பாசனம் முழுவதும் இருக்கிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று இராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்வார்களே, அவ்வளவு நீளக் கரை ஏன் வேண்டியிருந்தது? தரை சமமாக இருப்பதால் நீரை ஆழமாக நிறுத்த முடியாது, பரப்பித்தான் நிறுத்த முடியும். பரப்பி நிறுத்த வேண்டுமானால் மட்டம் தெரிந்திருக்க வேண்டும். கருவி இல்லாமல், ஓடும் நீரைப் பார்த்தே அதை அறிந்திருந்தார்கள்.

வாய்க்காலின் பாதித் தொலைவில் ஒரு சாலை குறுக்கிடுகிறது. சாலையை உயர்த்தியபோது கீழே சிமெண்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் உள் அடிமட்டம் வாய்க்காலின் பழைய தரையைவிட 17 செ.மீ. மேலே இருக்கிறது. பார்த்தால் ஒரு சாண் அளவுகூடத் தோன்றாது. சாலையில் நின்று பார்க்கும் எவருக்கும் குழாய் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் மொத்தம் 42 செ.மீ. இறக்கமுள்ள வாய்க்காலில் 17 செ.மீ. என்பது ஐந்தில் இரண்டு பங்கு. கண்மாய் நிரம்பி வழியும் ஆண்டுகளில் மட்டும் நீர் குழாயை ஏறிக் கடக்கும். மற்ற ஆண்டுகளில் மேற்குப் பக்கமே தேங்கி, காய்ந்து, கருவேலத்துக்கு நாற்றங்கால் ஆகும்.

குழாய் பதித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சாலை மதிப்பீட்டில் சாலையின் மட்டம் இருக்கும், வாய்க்காலின் மட்டம் இருக்காது. தோண்டிய குழியில் மண் இளகினால் சரளை போட்டு அதன்மேல் குழாயை வைப்பார்கள். அங்கேயே அரையடி போய்விட்டது.

ஜூலை 7

லெவல் கருவி இல்லாத ஊர்கள் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்க்குழாய் மட்டமே போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனை வெயிலிலும் மறுமுனை நிழலிலும் கிடக்க விடாதீர்கள். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் பொய் சொல்லாது. எதில் எடுத்தாலும் போன வழியே திரும்பி வந்து தொடங்கிய கல்லிலேயே முடியுங்கள். சுற்றி வந்த தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதி, வர்க்கமூலம் கண்டு, 24-ஆல் பெருக்கினால் எத்தனை மி.மீ. வருகிறதோ அதற்குள் பிழை இருக்கலாம் என்பது சாதாரணப் பொறியியல் மட்டத்துக்கான வழக்கம். இரண்டரை கி.மீ. சுற்றுக்கு 38 மி.மீ. நம் வாய்க்கால் போன்ற இடத்தில் நான் அதிலும் பாதிதான் அனுமதிப்பேன்.

ஜூலை 20

இப்போது சீமைக் கருவேலம். இதை எழுதினால் இந்தக் கேள்வி-பதில் இழை திசை மாறிவிடும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனெனில் அந்த வாய்க்காலில் மேற்குப் பாதி முழுவதும் அதுதான்.

1870-களில் இந்தியாவுக்குள் வந்த மரம். வறண்ட நிலத்தில் விறகுக்காக அரசே பரப்பியது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்ற உத்தரவிட்டபோது எல்லா ஊரிலும் இயந்திரங்கள் இறங்கின. அந்த வேகத்தில் பெயர்க்கப்பட்ட மரங்களைவிட அவை விட்டுச் சென்ற குழிகள் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. வாய்க்காலின் நடுவே தூரோடு பெயர்த்தால் அங்கே ஓர் ஆள் இறங்கும் பள்ளம் விழும். முதல் மழையின் நீர் முழுவதும் அந்தப் பள்ளங்களை நிரப்பவே தீர்ந்துவிடும். பள்ளத்தைக் களிமண்ணால் மூடி மிதிக்க வேண்டும். கரையில் நிற்கும் மரம் இன்னும் சிக்கலானது: பெயர்த்தால் கரை குலையும், வெட்டி மட்டும் விட்டால் பக்கக்கிளை வெடித்து ஒன்று பத்தாகும், கொன்றுவிட்டு விட்டாலோ, வேர் மக்கி, அந்தத் துளை வழியே கரைக்குள் நீர் கசியும். கரை மரங்களைப் பகுதி பகுதியாக எடுத்து, அன்றன்றே மண் நிரப்பி, திமிசு போட்டு இறுக்குவதுதான் வழி. மழைக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிட வேண்டும்.

மரத்தைத் திட்டுவது எளிது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் மழை பொய்த்த ஆண்டில் எத்தனை வீட்டில் கரிமூட்டம்தான் அடுப்பை எரிய வைத்தது என்று யாரும் கணக்கெடுக்காமலே நமக்குத் தெரியும். மானாவாரி மிளகாயும் நெல்லும் கைவிட்டபோது கைவிடாத ஒரே பயிர் அது. ஆகவே நான் சொல்வது இதுதான்: நீர்வழியிலும் நீர்பிடிப்பிலும் அது இருக்கக்கூடாது, தரிசில் இருப்பதைக் கரி சுடுபவர்களிடம் விட்டுவிடலாம். ஊராட்சி ஏலம் விடும்போது, தூரை எடுத்துக் குழியை மூடினால்தான் வைப்புத்தொகை திரும்பும் என்று நிபந்தனை எழுதுங்கள்.

ஜூலை 28

பறவைகளைக் கவனிக்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: நீர்பிடிப்பில் மரமே கூடாது என்று நான் சொல்லிவிட்டேனாம்.

நியாயமான கோபம்தான், நான் எழுதியதை அப்படியும் படிக்கலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகியவை எல்லாம் முதலில் கண்மாய்கள், பிறகே சரணாலயங்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுவது அங்கே நிற்கும் கருவேல மரங்களில்தான். 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகக் கண்மாய்களின் உள்வாயில் நட்டவை பெரும்பாலும் நாட்டுக் கருவேலம். அது வேறு மரம். நீரில் சில மாதம் நின்றாலும் சாகாது, கண்மாய்க்குப் பொருந்தும். சீமைக் கருவேலத்தில் கூடு இருந்தாலும், மாற்று மரம் வளரும் வரை அதைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் சொன்னது வாய்க்காலைப் பற்றி. மூன்று மீட்டர் அகல வாய்க்காலில் எந்தக் கூழைக்கடாவும் கூடு கட்டாது.

ஆகஸ்டு 17

ஊருணியின் அடியை எப்படி மூடுவது? ஊர்க் கூட்டத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, சிமெண்ட் தளம், எல்லாமே பேசப்பட்டிருக்கின்றன. விரிப்பு மாடு இறங்கினால் கிழியும். சிமெண்ட் தளத்தைக் கோடையில் கீழிருந்து உப்புநீர் அழுத்தும், கம்பி துருப்பிடித்து வெடிக்கும், பணமும் போதாது.

களிமண்ணால் போனதைக் களிமண்ணால்தான் மூட வேண்டும். மேற்குக் கண்மாயில் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்குங்கள். எடுக்கும் மண்ணை முதலில் சோதியுங்கள்: ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு மழைநீரில் கலக்கி, தெளியவிட்டு, டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) காட்டும் கருவியை வைத்துப் பாருங்கள், உப்பு ஏறிய மண் என்றால் வேறு மூலைக்குப் போங்கள். பிசைந்தால் கயிறாகத் திரியும் ஈரத்தில், ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மிதித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இரண்டடி வந்தால் நல்லது, ஒன்றரை அடிக்குக் குறையக்கூடாது. ஆடுமாடுகளை மந்தையாக உள்ளே அடைத்து மிதிக்க விட்டாலே பாதி வேலை முடியும். ரோலர் தேட வேண்டியதில்லை. மேலே அரையடி செம்மண் போட்டு மூடாவிட்டால் வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். கரையின் உட்சரிவில் கிடக்கும் அந்தச் சிப்பி மணலை ஒரு கூடை விடாமல் வெளியேற்றிவிடுங்கள். இதற்குத்தான் முதல் நாளே கேட்டேன்.

ஆகஸ்டு 19

நேற்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஆழம் வேண்டும் என்று கேட்டவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பது உறுத்தியது, சொல்லிவிடுகிறேன். இந்த வெயிலில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு மாதத்தில் 90 செ.மீ. போய்விடும். ஆழம் குறைந்து பரப்பு விரிந்த ஊருணியில் பாதி நீர் சூரியனுக்கே. ஆக ஆழம் வேண்டும் என்ற ஆசை தவறில்லை. களிமண்ணுக்குள் கிடைக்கும் ஆழம் மட்டும்தான் ஆழம். அந்த ஊரில் கரையை இரண்டடி உயர்த்தினால் அதே பயன் கிடைக்கும், ஆனால் அதற்கு வாய்க்காலில் வரும் நீர் அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். 42 செ.மீ.க்கு மேல் ஏறாது என்று மட்டம் சொல்லிவிட்டது. எங்கே சுற்றினாலும் அந்தக் குழாயிடமே வந்து நிற்கிறோம்.

செப்டம்பர் 14

இழையைப் படித்த ஓர் இளைஞர் குழு, ஊருக்குக் கிழக்கே வெறுமையாகக் கிடக்கும் உவர் வெளியில் அலையாத்திக் கன்று நடலாமா என்று கேட்கிறது. காரங்காட்டின் அலையாத்திக் காட்டைப் படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம்.

அங்கும் மட்டம்தான். அலையாத்திக்கு உப்பு மட்டும் போதாது; ஓதம், அதாவது கடல் ஏற்றம், வந்து நனைத்துவிட்டு வடிய வேண்டும். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே நனையும் பட்டை மிகக் குறுகியது. அதற்குச் சற்று மேலே நட்டால் மண்ணில் உப்பு உறைந்து கன்று கருகும், சற்றுக் கீழே நட்டால் மூழ்கி அழுகும். பிச்சாவரத்தில் மரம் வெட்டப்பட்ட இடங்கள் குழிந்து, ஓத நீர் உள்ளே வந்து வடியாமல் தேங்கி உப்பேறிப் போனபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து செய்தது முதலில் நடவு அன்று, வாய்க்கால். நடுவே பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகே வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் நட்டார்கள். உங்கள் வெளியில் ஒரு பௌர்ணமிக்கும் ஒரு அமாவாசைக்கும் ஓதநீர் எங்கே வரை வருகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒருமுறையும் நனையாத வெளி என்றால் அலையாத்தியை மறந்துவிடுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வாய்க்கால் வெட்டவும் வனத்துறையையும் ஆட்சியர் அலுவலகத்தையும் கேட்டாக வேண்டும்.

பனை நட விரும்பினால் யாரையும் கேட்க வேண்டாம். வெட்டுவதற்குத்தான் ஆட்சியர் அனுமதி.

அக்டோபர் 5

சாயல்குடி வாசகரின் செய்தி: அக்டோபர் 2 கிராம சபையில் குழாயைத் தாழ்த்திப் பதிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மட்ட அளவுகளைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லியிருந்தேன், எழுதியிருக்கிறார்கள். "குழாய் உயரமாக உள்ளது" என்று மனுக் கொடுத்தால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். "குழாயின் உள் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட 17 செ.மீ. உயரம்" என்று கொடுத்தால், மறுப்பதற்கு அவர்களும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

வந்தார்கள், அவர்கள் எடுத்ததில் 16 செ.மீ. அந்த ஒரு செ.மீ.க்காக ஊரில் சிலர் சண்டைக்குப் போகவிருந்தார்களாம். தயவுசெய்து வேண்டாம்.

அக்டோபர் 26

களிமண் அடுக்கு முடிந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒன்றரை அடிக்குக் குறைவு என்கிறார்கள். மழை தொடங்கிவிட்டதால் விட்டுவிட்டார்களாம். அந்த மூலையில் ஓர் அடையாளக் கல் நட்டு வையுங்கள், கோடையில் தேட வேண்டியிருக்கும். குழாய் வேலை தொடங்கவில்லை. தற்காலிகமாக, அனுமதியோடு, சாலைக்கு இருபுறமும் வாய்க்காலைச் சீர்செய்து, மடையை முழுவதும் திறந்து, குழாயைத் தாண்டும் அளவுக்கு நீரை நிறுத்தித் தள்ளுகிறார்கள். கண்மாய் நிரம்பும் ஆண்டில் இது நடக்கும். அரைக் கண்மாய் ஆண்டில் நடக்காது.

முதல் மழையின் நீரை ஊருணிக்குள் விட வேண்டாம். வாய்க்காலின் உப்பையும் ஆட்டுப் புழுக்கையையும் அது சுமந்து வரும். வாய்க்கு முன்னே வண்டல் குழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

நவம்பர் 30

ஊருணி முக்கால் அளவு நிற்கிறது. டிடிஎஸ் லிட்டருக்கு 380 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. இந்த எண்ணை வைத்து யாரும் இப்போது வெற்றி விழா கொண்டாட வேண்டாம். கார்த்திகையில் எல்லா ஊருணியும் இனிக்கும். போன ஆண்டும் இனித்தது. களிமண் பிடித்ததா என்பது ஊருணி மட்டம் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் மாதத்தில்தான் தெரியும். அதற்காகக் கரைக்கு வெளியே ஒரு சிறு சோதனைக் கிணறு போட்டு, இரண்டு மட்டத்தையும் டிடிஎஸ் அளவையும் வாரம் ஒருமுறை பள்ளிச் சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

பெண்கள் படியில் இறங்கி மொள்வதற்குப் பதிலாக, கரைக்கு வெளியே மணல் வடிகட்டியோடு ஒரு கிணறு கட்டி அங்கிருந்து இறைக்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது. நல்ல யோசனை, ஆனால் வடிகட்டிக் கால்வாயைக் களிமண் அடுக்குக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அடுக்கைத் துளைத்துப் போட்டால் ஐந்தடி தோண்டியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கிணற்றின் அடியையும் பக்கத்தையும் முழுவதும் பூச வேண்டும், நீர் வடிகட்டி வழியாக மட்டும் வரட்டும்.

டிசம்பர் 7

கீழக்கரைப் பக்கத்து வாசகர் ஒருவர் தம் ஊர் ஊருணியையும் அடுத்த கோடையில் ஆழப்படுத்த மதிப்பீடு தயாராகிவிட்டது என்றும், நான் வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். வருகிறேன். அதற்குள் ஊருணி நடுவிலும் நான்கு மூலையிலும் கை ஆகரால் (கையால் திருகும் துளைக்கருவி) துளையிட்டு, அரையடிக்கு ஒரு பிடி மண் எடுத்து, ஆழத்தை எழுதிப் பையில் கட்டி வையுங்கள். மதிப்பீட்டில் ஆழம் என்ற இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். பைகளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளலாம்.